ஒரு மில்லிமீட்டர்

எண்ணெய்ப் புட்டியைக் காரிலேயே மறந்துவிட்டேன்.
சாஸ்கட்டூனில் ஜனவரி, மைனஸ் முப்பத்தொன்று.
காலையில் பார்த்தால் நெய்யாக உறைந்திருந்தது.
சுடுதண்ணீர்ச் செம்பில் இறக்கி
சமையல் மேடையில் வைத்தேன்,
நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில்.
மாட்டுக்குளம்பு எண்ணெய்.
வீட்டுக்கு யாரும் வரப்போவதில்லை.
இருந்தும் லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.

தோல் ஒரு மில்லிமீட்டர்தான்.
மரப்பட்டைச் சாற்றில் பதமானது,
சாயம் காணாதது,
வேகாத ரொட்டியின் நிறம்.
பஸ் அட்டை நுழைய ஒரு வாய்,
ஆஸ்பத்திரி அட்டை நுழைய இன்னொன்று.

மூன்று சொட்டு போதும்.
மெல்லிய தோல் விட்டதையெல்லாம் குடிக்கும்,
போதுமென்று சொல்லத் தெரியாது.
போன மாதம் ஒன்று
நமத்த அப்பளமாய்த் தொங்கியது.

கம்பளித் துண்டால் தடவத் தடவ
நரம்பு ஓடிய தடம் தெரிந்தது,
ஏதோ பூச்சி கடித்த தழும்பு தெரிந்தது.
அந்த மாட்டுக்கும் ஒரு கோடை இருந்திருக்கிறது.

இனி ஒரு ராத்திரி சும்மா விடவேண்டும்.
அவசரப்பட்டால் சாயம்
கண்ட இடத்தில் கவ்விக்கொண்டு
தேமல் தேமலாய் நிற்கும்.

கடையில் மெரிலின் கேட்டாள்: ஹாபியா?
ஆமாம் என்றேன்.
நாற்பது டாலர். ரசீது கொடுத்தாள்.
அவ்வளவுதான்.

நான்காம் வகுப்பில் வாத்தியார்
எழுந்து நிற்கவைத்துக் கேட்டார்,
உங்கப்பன் என்ன வேலை?
தபால்காரர் சார்.
அவர் விடவில்லை.
அதுக்கு முன்னால?

மறுநாள் சாயம். காப்பிக்கொட்டை நிறம்,
பாதிக்குப் பாதி ஸ்பிரிட் கலந்தது.
ஓரத்தில் தொடங்கிச் சின்னச் சின்ன வட்டமாய்.
முதல் பூச்சு எப்போதும் வயிற்றைக் கலக்கும்,
இங்கே திட்டு, அங்கே வெறுமை.
இரண்டாவதைக் குறுக்கே இழுத்தேன்.
மூன்றாவதில் வழிக்கு வந்தது.
திருப்பினால் பின்பக்கமும் காப்பிக்கொட்டை.
இவ்வளவு மெல்லிசில்
உள்ளே என்று தனியாக ஒன்று கிடையாது.

லேபில் நாள் முழுக்கக் கையுறை போடுகிறவள் நான்.
வீட்டில் ஒரு ஜோடிகூட இல்லை.

அந்த விரல்களோடுதான்
சனிக்கிழமை சர்ச் நிலவறையில் பொங்கல் விழா.
வடைத்தட்டு என் கையில்.
வைதேகி கேட்டாள்: மருதாணியா? இவ்வளவு கறுப்பாவா?
தோல் சாயம் என்றேன்.
தோலா?
கரண்டி பாத்திரத்துக்கு மேல் அப்படியே நின்றது.

முகுந்தன் சிரித்த முகமாய் நகர்ந்து வந்தார்.
உங்களுக்கு ஊர் எந்தப் பக்கம்?
சொன்னேன்.
அட, தெரியுமே! அங்கே எந்தத் தெரு?

எத்தனை கடல் தாண்டி,
எத்தனை அடி பனிக்குக் கீழே வந்து
அதே கேள்வி
சால்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது.

இருபதாம் தெரு என்றேன்.
பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே, மூன்றாவது மாடி.
வடை எடுத்துக்குங்க, ஆறிடும்.

எடுத்துக்கொண்டார்.
தின்றாரா என்று நான் பார்க்கவில்லை.
பார்த்தேன். காகிதத் தட்டின் ஓரத்தில் கடைசிவரை இருந்தது.

கோட்டு மாட்டும்போது வைதேகி பின்னால் வந்தாள்.
சாவிக்கு ஒண்ணு செஞ்சு தருவீங்களா, கறுப்பில?
பத்து டாலர் தரேன்.
இருபத்தைந்து என்றேன்.
கணவர் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச்
சரி என்றாள்.

ராத்திரி வெள்ளைத் துணியால் தேய்த்தேன்.
சாயம் விட்டது.
வேறு துணி. விட்டது.
ஏழாவதில் வெள்ளை வெள்ளையாகவே திரும்பியது.
விரலில் மட்டும் வியாழன்வரை இருந்தது.

செம்புத் தண்ணீரில் லேபிள் கழன்று மிதந்தது,
எழுத்தெல்லாம் கரைந்து.
லேபிலிருந்து கொண்டுவந்த டேப்பைக் கிழித்து
மாட்டுக்குளம்பு என்று கொட்டை எழுத்தில் எழுதி
முன்பக்கம் பார்க்க ஒட்டினேன்.
தோசைக்கு ஊற்றிவிடக் கூடாதே.